இரண்டு பூட்டுப் போட்ட ஷெட்

திண்டுக்கல்லில் நான் குடியிருந்த வீட்டில் ஒரு கார் நிழலில் நின்றது, என் பைக் வெயிலில் நின்றது. அந்த வீட்டுக்கார அக்காவை நினைத்தால் முதலில் அந்த எரிச்சல்தான் ஞாபகத்துக்கு வருகிறது. நான் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் நாளெல்லாம் டாக்டர்களின் வாசலில் காத்துக் கிடக்கிற பிழைப்பு. மத்தியானம் சாப்பிட வந்துவிட்டுத் திரும்ப ஏறினால் சீட் தோசைக்கல்லாகக் காய்ந்து கிடக்கும். பத்தடி தள்ளி அஸ்பெஸ்டாஸ் போட்ட ஷெட்டுக்குள், யாரும் ஓட்டாத ஒரு பழைய பியட் கார் போர்வை போர்த்திக்கொண்டு குளுகுளுவென்று நிற்கும்.

மனைவியோடு மாடியில் குடிவந்த புதிதில் கேட்டேவிட்டேன். "அக்கா, ஷெட்டுல ஒரு ஓரமா பைக்க நிப்பாட்டிக்கிறட்டுமா?"

"அது என் எடம் இல்ல தம்பி."

"உங்க வீடுதானேக்கா?"

"வீடு என்னுது. ஷெட்டு பொது."

ஷெட்டின் இரும்புக் கதவில் இரண்டு பூட்டுகள் தொங்கின. ஒன்றின் சாவி பக்கத்து ஊரான அகரத்தில் இருந்த அவருடைய அண்ணனிடம் இருந்தது. இன்னொன்றின் சாவி ஆத்தூரில் இருந்த தம்பியிடம். இருவரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். காரின் சாவி மட்டும் அக்காவின் இடுப்பில். இப்படி ஓர் ஏற்பாட்டை யார் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டபோது அக்கா, "நாந்தேன்" என்றார். பெருமையாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

கார் அவர்களுடைய அப்பாவினுடையது. காய்கறி கமிஷன் கடை வைத்திருந்தவர். சிறுமலையில் தோட்டம் வைத்திருந்த ஒருவரிடமிருந்து ஆசைப்பட்டு வாங்கியது. அந்தக் குடும்பத்தில் கல்யாணம் ஆகி வந்த பெண்கள், கல்யாணம் ஆகிப் போன பெண்கள் எல்லோரும் அதில்தான் போனார்கள், வந்தார்கள். அப்பா போன பிறகு நிலத்தையும் கடையையும் அண்ணனும் தம்பியும் மூச்சுக்காட்டாமல் பிரித்துக்கொண்டார்கள். கார் விஷயத்தில்தான் முட்டிக்கொண்டது. சாவியை அப்பா என் கையில்தான் கொடுத்தார் என்றார் அண்ணன். கடைசிவரைக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனவன் நான் என்றார் தம்பி. இரண்டும் உண்மைதான். தெருவே வேடிக்கை பார்க்கிற மாதிரிச் சண்டை போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு நின்ற பேச்சுதான். பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, இருவரும் ஓட்டக் கூடாது, விற்கவும் கூடாது, நடுவில் பிறந்த அக்கா வீட்டில் நிற்கட்டும் என்று முடித்துவிட்டார்கள்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் சின்னதுகளுக்கெல்லாம் அவர் 'சத்துணவு டீச்சர்'. வேலை முடிந்தாலும் ஸ்டோர் ரூம் அவரை விட்டுப் போகவில்லை. எந்தப் பூட்டைப் பூட்டினாலும் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, நாலடி நடந்து, திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பார். அரிசிப் பானையைத் தரையில் வைக்க மாட்டார். எலியைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு பூனைக்கே தெரியாது என்று நான் கேலி செய்வேன். எந்த மூலையில் வரும், எந்தச் சத்தத்துக்கு ஓடும், எதைக் கண்டால் திரும்பி வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. அரசாங்கம் கொடுத்த பருப்பை இத்தனை வருஷம் எலியிடமிருந்து காப்பாற்றியவர் ஆயிற்றே.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷெட் திறக்கும். அதை நான் மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு பார்ப்பேன். முதல் தடவை சிரிப்பு வந்தது. அப்புறம் ஏனோ சிரிக்க முடியவில்லை.

அகரத்துக்காரர் டிவிஎஸ் வண்டியில் வருவார். நெடுநெடுவென்று உயரம், பேச்சு குறைவு. ஆத்தூர்க்காரர் பஸ்ஸில் வந்து இறங்கி நடந்து வருவார். குட்டை, கோபக்காரர், ஆனால் கண் சீக்கிரம் கலங்கிவிடும். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அவரவர் பூட்டைத் திறப்பார்கள். பழைய வேட்டிகளை ஒட்டித் தைத்த போர்வையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து எடுப்பார்கள். பிளாஸ்டிக் உறை போட்டால் உள்ளே வேர்த்துத் துருப்பிடிக்கும் என்று அப்பா சொல்லியிருந்தாராம், அதனால் நூல் துணிதான். பிறகு அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். ஓட்டத் தெரியாது. ஆனால் அந்த சீட்டில் உட்கார அண்ணன் தம்பி இருவருக்கும் அனுமதியில்லாததால் அவர்தான் உட்கார வேண்டும். இவர்கள் இருவரும் பின்னால் தோளோடு தோள் சேர்த்து நின்று தள்ளுவார்கள். டயர் ஒரே இடத்தில் அழுந்தி நின்றால் கெட்டுப்போகும் என்பதற்காக வேப்பமரம் வரைக்கும் ஒரு நடை, திரும்ப ஒரு நடை.

"அந்தப் பக்கம் செத்த அமுக்கச் சொல்லும்மா" என்பார் அண்ணன்.

"இதுக்கு மேல அமுக்குனா நான் விழுந்துருவேன்னு சொல்லுக்கா" என்பார் தம்பி. இருவருக்கும் நடுவில் அரை முழம் இடைவெளிகூட இருக்காது.

அக்கா இரண்டையும் ஒரு வார்த்தை மாற்றாமல் திரும்பச் சொல்வார். பிறகு பேட்டரியை மாட்டி, சாவியைத் திருகி, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவார். அந்தச் சத்தம் கேட்கும்போது மட்டும் மூன்று பேரும் ஒரே மாதிரித் தலையைச் சாய்த்துக் கேட்பார்கள். பானெட்டைத் திறந்து பழைய புகையிலையை எடுத்துப் போட்டுவிட்டுப் புதுப் புகையிலையைச் செருகுவார் அண்ணன். எலி அண்டாமல் இருக்க எங்கள் பக்கம் வண்டிக்காரர்கள் செய்கிற வேலைதான் அது. தம்பி சீட்டுக்கு அடியில் அந்துருண்டை போடுவார்.

வேலை முடிந்ததும் சாப்பாடு. என்னையும் கூப்பிடுவார் அக்கா. இரண்டு இலைகளை நெருக்கிப் போட்டு, கூட்டோ பொரியலோ, வெஞ்சனத்தை ஒரே கிண்ணத்தில் நடுவில் வைப்பார். இருவரும் ஒரே கிண்ணத்துக்குக் கையை நீட்டித்தான் ஆக வேண்டும். "ஒரு பள்ளிக்கூடத்துக்கே ஆக்கிப் போட்டவங்க வீட்டுல இன்னொரு கிண்ணம் இல்லையாக்கா?" என்று ஒரு தரம் கேட்டேன். "இருந்துச்சு, ஓட்டையாப் போச்சு" என்றார். அலமாரியில் அடுக்கி வைத்திருந்தது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

வருஷம் போகப் போக ஞாயிற்றுக்கிழமைகள் தள்ளிப்போக ஆரம்பித்தன. அகரத்துக்காரருக்குச் சம்பங்கித் தோட்டத்தில் வேலை, ஆத்தூர்க்காரருக்குத் தேங்காய் வெட்டு. இரண்டு மாதம் யாரும் வராமல் போன ஒரு சமயம் அக்கா போன் போட்டார். முதலில் அண்ணனுக்கு. "அண்ணே, ஷெட்டுக்குள்ள எலி வந்துருச்சு. கரக்கு கரக்குன்னு சத்தம் கேக்குது. தம்பி வாரேன்னுட்டான்." பிறகு தம்பிக்கு. "ஏலே அப்பு, எலி வந்துருச்சுடா. அண்ணன் அப்பவே கெளம்பிட்டாக." மறுநாள் காலையில் இருவரும் வாசலில் நின்றார்கள். எலி நிஜமாகவே வந்திருந்தது. அதற்குப் பிறகு அவர்கள் வரத் தவறும்போதெல்லாம் எலி தவறாமல் வந்தது.

புகையிலை இருக்கிறது, அந்துருண்டை இருக்கிறது, எலி எப்படி வருகிறது என்று எனக்கும் புரியவில்லை. ஒரு நாள் சாம்பிள் பையை மறந்து வைத்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்தேன். ஷெட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நுழைகிற சந்து இருந்தது. அங்கே நீலநிற பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு அக்கா ஏறி நின்றுகொண்டிருந்தார். இடது கையில் முந்தானையைக் கூட்டிப் பிடித்திருந்தார். வலது கையால் அதிலிருந்து எதையோ எடுத்து எடுத்து வெண்டிலேட்டர் ஓட்டை வழியாக உள்ளே போட்டுக்கொண்டிருந்தார். கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். தோலோடு நிலக்கடலை.

என்னைப் பார்த்ததும் அவர் பதறவில்லை. மெல்ல இறங்கினார். மிச்சமிருந்த கடலையை என் கையில் கொட்டினார். "வெயில்ல அலையுறீக. சாப்டுங்க" என்றார்.

"எலிக்கா போடுறீங்க?"

"அதுக்கும் வயிறு இருக்குல்ல." ஸ்டூலைச் சந்துச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் போன் பேசினார். எலி வந்துருச்சுண்ணே.

நான் யாரிடமும் சொல்லவில்லை. கெட்டிக்காரி என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். காரைப் பாதுகாக்கச் சொல்லி ஒப்படைக்கப்பட்டவர், அதற்கு ஆபத்தைத் தானே ஊட்டி வளர்த்தார். ஊரெல்லாம் எலியை விரட்டப் புகையிலை வைக்கும்போது இவர் எலியைக் கூப்பிடக் கடலை வைத்தார். அதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது. அடுத்து நடந்ததைப் பார்க்கும்வரை.

ஒரு நாள் அகரத்துக்காரர் தனியாக வந்தார். நான் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கத்தரிக்காய்ப் பையை இறக்கி வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். வெகுநேரம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏம்மா, யோசிச்சுப் பாத்தேன். கார அவனே எடுத்துக்கிறட்டும். நான் இனிமே எங்க ஓட்டப் போறேன். அப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது அவந்தான. அவன்ட்ட சொல்லிரு."

"ஆகட்டும்ணே" என்றார் அக்கா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள், தள்ளினார்கள், சாப்பிட்டார்கள். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அகரத்துக்காரர் தம்பியின் பக்கம் அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தார், பதிலுக்குக் காத்திருப்பவர் மாதிரி. தம்பிக்கு எதுவும் தெரியாது. அதற்கு அடுத்த மாதமும் அப்படியே போயிற்று. அண்ணனின் முகம் இறுகிப்போனதை நான் பார்த்தேன். இவ்வளவு இறங்கி வந்தும் மதிக்கவில்லையே என்று அவர் நினைத்திருப்பார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. குடியிருக்கிறவன் தலையிடக் கூடாதுதான். ஆனாலும் போய்க் கேட்டேன்.

"அவர் சொன்னத நீங்க தம்பிட்ட சொல்லலையேக்கா. இது நியாயமா?"

அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைத்தார். "நியாயம் இல்லதான்" என்றார்.

பிறகு அவராகவே பேசினார். "கார அவன் கொண்டுபோயிட்டான்னா எல்லாம் முடிஞ்சு போகும் தம்பி. அவன் ஆத்தூர்ல இருப்பான், இவுக அகரத்துல இருப்பாக. விசேசத்துக்கு வந்தா ஆளுக்கொரு பக்கமா ஒக்காந்து சாப்ட்டுட்டுப் போயிருவாக. இப்ப மாசத்துக்கு ஒரு தடவையாச்சும் ரெண்டு பேரு தோளும் ஒரசுது. நான் இருக்கவரைக்கும் இது போதும்."

"அதுக்காக சண்டைய முடிய விடாம வச்சிருப்பீங்களா?"

முறத்தை எடுத்துக்கொண்டார். அன்றைக்கு அவரைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவு அன்பு வைத்திருக்கிற ஆளை அவ்வளவு கிட்டத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகள் கீழே சாப்பிடப் போகாமல் ஏதாவது சாக்குச் சொன்னேன்.

எலிக்கு இதெல்லாம் தெரியுமா? அது தன் வேலையைச் செய்தது. கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போர்வையை எடுத்தபோது பின்சீட்டில் ஒரு மூலை கிழிந்து, பஞ்சும் தேங்காய் நாரும் வெளியே வந்து கிடந்தன. உள்ளே கண் திறக்காத குட்டிகள். அப்பா கடைசிக் காலத்தில் சாய்ந்து உட்கார்ந்து போன மூலை அது.

ஆத்தூர்க்காரர் அதைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். அண்ணன்தான் வாயைத் திறந்தார். "போன தடவ கடைசியாப் பூட்டுனவன் கதவ ஒழுங்காச் சாத்துனானான்னு கேளும்மா."

தம்பி திரும்பினார். இத்தனை வருஷத்தில் அண்ணனிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான். "பொகையில வைக்கிறவன் ஒழுங்கா வச்சிருந்தா எலி ஏன் வருது? அப்பா ஒக்காந்த எடத்தக்கூட ஒனக்குப் பாத்துக்கத் தெரியல. நீயே வச்சுக்க. எனக்கு இது வேணாம்."

"எனக்கும் வேணாம்." அகரத்துக்காரர் மடியிலிருந்து சாவியை எடுத்துத் தரையில் போட்டார். "இனிமே எலி வந்தாலும் சரி, புலி வந்தாலும் சரி. என்னயக் கூப்புடாத." வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். தம்பியும் தன் பூட்டை மாட்டிப் பூட்டிவிட்டு, இலையில் உட்காராமலே நடந்துவிட்டார். அண்ணனின் பூட்டு வாய் பிளந்து கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அக்கா குனிந்து சாவியை எடுத்தார். அந்தப் பூட்டை அழுத்திப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்த்தார். நாலடி போய்த் திரும்பி வந்து மறுபடி இழுத்தார். அதற்குப் பிறகும் அங்கேயே நின்றார்.

மறுநாள் காலையில் மாடிப்படிக்குக் கீழே நின்று என்னைக் கூப்பிட்டார். "தம்பி, என்னய அகரத்துல கொண்டுபோய் விட்டுருவீகளா?" அக்கா என் பைக்கில் ஏறியது அந்த ஒரு தடவைதான். காய்ந்த சீட்டில் உட்கார்ந்ததும், "இம்புட்டுச் சுடுதே, இதுலயா தெனம் போறீக" என்றார். ஆறு வருஷத்து எரிச்சல் அந்த ஒரு வார்த்தையில் எனக்கு இறங்கிப்போயிற்று.

தோட்டத்தில் அகரத்துக்காரர் சம்பங்கிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். அக்கா வரப்பில் நின்று அவர் கையைப் பிடித்துச் சாவியை வைத்து விரல்களை மூடினார்.

"நீயே வச்சுக்கம்மா."

"நான் வச்சிருக்கக் கூடாதுண்ணே. தம்பியும் அவன் சாவியத் தூக்கிப் போட்டுட்டா நான் ஒத்தையில தெறந்துருவேன்."

"தெறந்தா என்ன?"

"ஒத்தையில தெறக்குற ஷெட்டு இல்லண்ணே அது."

அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "ஸ்டோர் ரூம்ல ஒரு மணி அரிசிய எலிக்கு விட்டுக் குடுக்காதவ நீ. ஒன் வீட்டுல மட்டும் எப்படிம்மா அம்புட்டு எலி வருது?"

அக்கா பூக்களின் பக்கம் திரும்பிக்கொண்டார். "எலி இல்லாத எடம் எங்கண்ணே இருக்கு" என்றார். அண்ணன் சாவியை மடியில் செருகிக்கொண்டார். ஆனால் வருகிறேன் என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஷெட் திறக்கவே இல்லை. அக்கா போன் போடவும் இல்லை, ஸ்டூலில் ஏறவும் இல்லை. தான் செய்ததை அவர் எப்படி நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கூட ஒரு படி அரிசி போட்டுவிட்டு, மிஞ்சிய சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைப்பார். ஐப்பசி மழையில் ஒரு காலை, வாசல் தெளிக்க வந்தவர் படியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. என் மனைவிதான் முதலில் பார்த்தாள். மாரடைப்பு என்றார்கள். நான் தினமும் டாக்டர்கள் வாசலில் நிற்பவன். என் வீட்டு வாசலில் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அண்ணனும் தம்பியும் பாடைக்கு முன்னால் தோள் கொடுத்தார்கள். உயரம் ஒத்துவரவில்லை. அண்ணன் குனிந்தே நடந்தார்.

கருமாதி முடிந்த அன்று சொந்தக்காரர்கள் காரைப் பற்றி ஏதாவது முடிவு செய்யுங்கள் என்றார்கள். இருவரும் எழுந்து போய் அவரவர் பூட்டைத் திறந்தார்கள். அக்காவின் இடுப்புச் சாவி என் மனைவியிடம் இருந்தது, நான் கொண்டுபோய் நீட்டினேன். இருவருமே வாங்கவில்லை. ஆத்தூர்க்காரர் காரைச் சுற்றிப் பின்பக்கம் போய், அங்கே அடுக்கியிருந்த பழைய டயர்களை நகர்த்தினார். வெண்டிலேட்டருக்குக் கீழே சுவரோரம் கடலைத் தோல் குவிந்து கிடந்தது. குனிந்து ஒரு கைப்பிடி அள்ளினார். அண்ணாந்து ஓட்டையைப் பார்த்தார். வெளியே வந்து சந்துக்குள் எட்டிப் பார்த்தார். நீல ஸ்டூல் அங்கே சுவரில் சாத்தியிருந்தது. அவர் முகம் கோணியது, ஆனால் அழவில்லை. பின்னால் வந்து நின்ற அண்ணன் ஸ்டூலையும் பார்த்தார், தம்பியின் கையையும் பார்த்தார். போர்வையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக் காரின்மேல் போட்டுவிட்டு, பூட்டிக்கொண்டு போனார்கள். முடிவு எதுவும் சொல்லவில்லை.

இனி யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். நடுவில் நின்று பேச்சைக் கடத்திய ஆள் இல்லை. கார் அப்படியே துருப்பிடித்துப்போகும், இருவரும் ஒருவரையொருவர் அடுத்து யாராவது ஒருவருடைய சாவில் பார்ப்பார்கள் என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தேன். கீழே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. ஆத்தூர்க்காரர் தனியாக வந்தார். ஷெட் கதவுப் பக்கம் போகவில்லை. நேராகச் சந்துக்குள் நுழைந்தார். கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தேன். ஸ்டூலைப் போட்டு ஏறினார். குட்டை ஆள், எக்கித்தான் எட்டியது. சட்டைப் பையிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றாக உள்ளே போட்டார். இறங்கி, ஸ்டூலை இருந்த இடத்திலேயே சாத்தி வைத்தார். பிறகு படிக்குக் கீழே வந்து நின்று என்னைக் கூப்பிட்டார்.

"சார், அகரத்துக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிருங்க. ஷெட்டுல எலி வந்துருச்சுன்னு."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் போனை எடுத்தேன். அகரத்துக்காரர் எடுத்ததும், "அண்ணாச்சி, ஷெட்டுல எலி வந்திருக்கு. கரக்கு கரக்குன்னு சத்தம் கேக்குது" என்றேன். அக்கா சொன்ன மாதிரியே சொன்னேன். யார் சொல்லச் சொன்னார்கள் என்று சொல்லவில்லை.

அந்தப் பக்கம் தோட்டத்தில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஞாயித்துக்கெழம வாரேன்" என்றார் அவர். "பொகையில நான் கொண்டாறேன்னு அவன்ட்ட சொல்லிருங்க."

கீழே நின்றவரிடம் அதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, கையில் ஒட்டியிருந்த கடலைத் தோலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.